ஓடைக்கரையில் மேஜரின் அடுப்பு

1855 மார்ச்சில், எல்லைக்கு அப்பாலிருந்து மிசூரிக்காரர்கள் கான்சஸுக்கு ஓட்டுப் போட வந்த அழகை டார்க்கஸ் தன் கண்ணாலேயே பார்த்தாள். அவளை அடிமையாக வைத்திருந்த மேஜர் பிரூவிட்டின் வண்டியில், விஸ்கிப் பீப்பாய்க்கும் பன்றிக்கறிப் பீப்பாய்க்கும் நடுவே அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கான்சஸில் ஒரு பிடி மண் கிடையாது. தங்கள் ஆள் யார் என்று தெரிவதற்காக ஆளுக்கொரு சணல் நாரைக் கோட்டின் பொத்தான் துளையில் செருகியிருந்தார்கள். அந்தச் சணலைப் பனியில் நனையப் போட்டு, உடைத்து, நார் பிரித்தவன் டார்க்கஸின் புருஷன் எப்ராயீம். போன குளிர்காலத்தில் மேஜர் அவனை டெக்சஸ்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டார்.

மேஜர் எந்தப் போரிலும் மேஜராக இருந்ததில்லை. அப்பா பணக்காரர், அவ்வளவுதான். ஓட்டுச்சாவடி மேசையில் இருந்தவன், நீங்கள் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறீர்களா என்று பயந்து பயந்து கேட்டபோது, அவர் கைத்துப்பாக்கியால் ஓடைக்கரையைக் காட்டினார். அங்கே டார்க்கஸ் அடுப்பு மூட்டி, மக்காச்சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என் அடுப்பு எரியுது பாரு. நான் இந்த ஊர்க்காரன்தான்" என்றார்.

கூட்டம் சிரித்தது. அவர் ஓட்டுப் போட்டார். ஏன், பலர் இரண்டு தடவை போட்டார்கள். கான்சஸில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை இந்த லட்சணத்தில்தான் முடிவு செய்தார்கள். அந்த வெட்கங்கெட்ட கூத்துக்கு ஜனநாயகம் என்று பெயர் வேறு.

எதிர்த்துப் பேசியவன் ஒருவன்தான். இண்டியானாவிலிருந்து வந்து பக்கத்தில் குடியேறியிருந்த ஹைரம் டட்டில். ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, ஆளை ஆள் விற்பது ஆண்டவனுக்கே அடுக்காது என்று தொண்டை கிழியக் கத்தினான். அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ரொட்டி கருகியதுகூடத் தெரியாமல் டார்க்கஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளைக்காரன் ஒருவன் தனக்காக உதைபடுகிறான் என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

குடியேறியவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குடிசை ஒன்று இருந்து அதில் அடுப்புப் புகைந்தால் நிலம் உன்னுடையது. புகை நின்றால் அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். மேஜருக்கு அந்த ஓடைக்கரை பிடித்துப்போயிற்று. அதற்காக மிசூரி மாளிகையை விட்டுவிட்டு இங்கே வந்து குளிரில் நடுங்குவாரா? நாலு மரத்தை வெட்டிப் போட்டுக் குடிசை என்று பெயர் வைத்து, டார்க்கஸை உள்ளே விட்டுப் போனார். புது வருஷம்வரை அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டால் எப்ராயீமைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்னார். காவலாள் வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையே அவளைக் கட்டிப்போடும் என்று அவருக்குத் தெரியும்.

கோடையில் டட்டிலின் மனைவி லொவைனா குளிர்காய்ச்சலில் விழுந்தாள். டார்க்கஸ்தான் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தலை துவட்டி, துணி அலசிப் பார்த்துக்கொண்டாள். டட்டில் அவளிடம் மரியாதையாகவே பேசினான். அவள் உள்ளே வரும்போது சில நாள் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

டிசம்பரில் மேஜர் வந்தார். ஆட்டுக்கறி சமைக்கச் சொல்லித் தின்றார், குடித்தார், பல் குத்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சணல் விலை விழுந்துவிட்டதாம். அவளையும் டெக்சஸுக்கு விற்கப் போகிறாராம். காலையில் கிளம்ப வேண்டும், வசந்தத்தில் வேறு ஒருத்தியைக் கொண்டுவந்து விடுவாராம்.

"எப்ராயீம் இருக்கற எடத்துக்கா எசமான்?" என்று கேட்டாள்.

"டெக்சஸ் என்ன என் கொல்லையா? எவன் எங்க இருக்கான்னு எனக்கு என்னடி தெரியும்?"

காலையில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் வெளியேறி, பனியில் நடந்து டட்டில் வீட்டுக் கதவைத் தட்டினாள். வடக்கே அயோவா எல்லைவரை வண்டியில் கொண்டுபோய் விட்டால் போதும், அங்கே தன்னைப் போன்றவர்களை ஒளித்து வைக்கும் சபைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றாள். டட்டில் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறினான்.

"இந்தா பாரும்மா, அடிமைத்தனம் பாவம்தான், அதுல எனக்கு மாத்தமே இல்ல. ஆனா இந்த வாரந்தான், அடிமைமுறை வேண்டாங்கற எங்க கட்சியில ஓட்டுப் போட்டோம். அடிமையோ சுதந்திரமோ, கருப்பு ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் இருக்கக் கூடாதுன்னு. நானே போட்டுட்டு நானே மீறலாமா?"

"அப்ப அன்னிக்குப் பொட்டி மேல ஏறிக் கத்துனது யாருக்காக ஐயா?"

"எங்களுக்காகத்தான். அவன் அடிமைங்கள வச்சுச் சும்மா பயிர் பண்ணா, கூலி இல்லாத சோளத்தோட என் சோளம் போட்டி போட முடியுமா?"

மேஜரைப் பார்த்தால் அவளுக்குப் பயம் வரும், ஆத்திரம் வரும். இவனைப் பார்த்தபோதோ, இவன் வீட்டு வாந்தித் துணியை அலசிய கையை வெட்டி எறியலாம் போல இருந்தது.

அதற்குள் முற்றத்தில் குதிரைச் சத்தம். மேஜர் அவள் காலடித் தடத்தைப் பிடித்தே வந்துவிட்டார். டட்டில் வெளியே போய், உங்கள் ஆள் இங்கேதான் இருக்கிறாள், தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்றான். மார்ச்சில் இவனை மிதித்த மேஜர் இப்போது குதிரையிலிருந்து இறங்கித் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார். அவளை ஒப்படைப்பதில் இரண்டு கனவான்களுக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

டட்டில் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இவ போயிட்டா உங்க குடிசையில அடுப்பு எரியாது. அந்த ஓடைக்கரைய நான் எடுத்துக்கறேன். வழக்கம் அதுதானே" என்றான்.

மேஜரின் முகம் மாறிவிட்டது. திருட்டுப் பயலே, இதற்குத்தான் இவளைக் கூப்பிட்டாயா என்றார். டட்டில், வெளியூர்க் கொள்ளைக்காரனுக்கு இங்கே என்ன உரிமை என்றான். அப்புறம் அரசியல் சட்டம் வந்தது, நாடாளுமன்றம் வந்தது, பைபிள் வந்தது, முன்னோர்கள் சிந்திய ரத்தம் வந்தது. சுதந்திரம் சுதந்திரம் என்று இரண்டு பேருமே கத்தினார்கள். இதே கூச்சல்தான் ஐந்தாறு வருடத்தில் உள்நாட்டுப் போரின் பீரங்கியாக வெடித்து, நாட்டையே இரண்டாகப் பிளந்தது. அன்று டட்டில் உள்ளே ஓடித் துப்பாக்கியை எடுத்து வந்தான். மேஜர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார். குண்டு பறந்தது.

எதற்காக மேஜர் வந்தார் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. டார்க்கஸ் பின்வாசல் வழியாக இறங்கி, வேலியோரமாகச் சுற்றிப் போய், மேஜரின் குதிரையை அவிழ்த்தாள். ஜன்னலில் லொவைனா நின்றிருந்தாள். பார்த்தாள். கத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கெல்லாம் டார்க்கஸ் நன்றி சொல்வதாக இல்லை. ஏறி வடக்கே விட்டாள்.

அயோவாவில் அவளுக்கு இடம் கொடுத்த கிழவர், பிறகு ஒருநாள் இரண்டு செய்தித்தாள்களைப் படித்துச் சொன்னார். மிசூரித்தாளில், கண்ணியமான மேஜரின் தோளில் ஒரு வெறியன் சுட்டுவிட்டான். கான்சஸ்தாளில், சுதந்திர வீரர் டட்டில் தன் முழங்காலைத் தியாகம் செய்திருந்தார்.

"என்னப் பத்தி என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

கிழவர் இரண்டையும் மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார்.

"உன்னப் பத்தி ஒண்ணும் இல்லம்மா. குதிரையப் பத்திப் போட்டிருக்கான். செவலை, நெத்தியில வெள்ளை, நல்ல ஜாதிக் குதிரையாம்."