பதினோரு சுற்று

பிளிகட்டி நகரசபையில் இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர்த் திட்டத்துக்குச் சரி என்று ஆட்டிய நாற்பத்து மூன்று தலைகளும் அதற்குப் பிறகு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆடத் தொடங்கின. சாப்பிடும்போது ஆடின, சவரக்கடையில் ஆடின, தூங்கும்போது தலையணைக்கு மேல் ஆடின. சிவில் ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நான்காம் நாள் கழுத்து வலிக்கும் சேர்த்து எழுதினார். கடைக்குப் போன குமாஸ்தா ஒருவர் கத்தரிக்காய் வேண்டாம் என்று வாயால் சொன்னார். கடைக்காரி அவர் தலையைப் பார்த்துவிட்டு இரண்டு கிலோ நிறுத்துப் பையில் போட்டாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வாயும் தலையும் இரண்டு விதமாகப் பேசினால் தலையை நம்புவது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்கள் ஊர் முடிவு செய்திருந்தது. பெங்களூரிலிருந்து வந்த அதிகாரிகள் ஆடும் தலைகளைப் படம் பிடித்தார்கள். இத்தனை ஒத்துழைப்பை வேறெந்த நகரசபையிலும் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

திட்டத்தைக் கொண்டுவந்தவர் செயற்பொறியாளர் வசுதா தேசாய். எட்டு நாளைக்கொருமுறை குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்து நிஜமாகவே மனம் வருந்தியவர். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சுவரில் படம் காட்டி, இனி வால்வுகளைக் கையால் திருப்ப வேண்டாம், பொத்தானை அழுத்தினால் மோட்டார் இருபத்தெட்டுச் சுற்று திருப்பிவிடும் என்று விளக்கினார். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் "சரிதானே?" என்று கேட்டார். கடைசி வரிசையில் இருந்த வால்வுக்காரர் யமனப்பா பாதி எழுந்தார். முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊரின் தண்ணீரைக் கையால் திறந்து மூடியவர் அவர். கௌளிகல்லி வால்வு பதினோரு சுற்றுக்கு மேல் போனால் அந்தத் தெருவின் குழாய் தாங்காது என்பது நகரசபையில் அவருக்கு மட்டும் தெரியும். படத்தில் தெரு முழுக்க இரும்புக் குழாய் இருந்தது. மண்ணுக்கடியில் தபால் ஆபீஸ் வரைதான் இரும்பு, அதற்கப்பால் பழைய சிமெண்டுக் குழாய். முழுவதும் மாற்றியாயிற்று என்று என்றைக்கோ கையெழுத்துப் போட்ட உதவிப் பொறியாளர் ஷெட்டர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவருடைய செருப்பு யமனப்பாவின் பாதத்தின் மேல் ஏறி நின்றது. அந்த நேரம் பார்த்து மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் உள்ளே வந்தன. யமனப்பா உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினார்.

யமனப்பாவின் வீடு கௌளிகல்லியிலேயே, தபால் ஆபீஸைத் தாண்டி ஏழாவதாக இருந்தது. அவர் மனைவி நீலவ்வா நான்கு எருமைகளை வைத்துப் பால் விற்றுவந்தாள். பதினொன்று என்ற கணக்கு புருஷனுக்கு அடுத்தபடி அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பால் கறந்துகொண்டே கேட்டாள்.

"பதினொண்ணுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா? இல்லேன்னா சொல்லுங்க, திறப்பு விழாவுக்குள்ள எருமைங்களைத் தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்."

யமனப்பாவின் தலை ஆடியது. சொல்லவில்லை என்று வாயால் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. நீலவ்வா நிம்மதியாக அடுத்த எருமைக்குப் போனாள்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார், ஷெனாய் வாசித்தார்கள். யமனப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து, "வேண்டாம் தாயி, வேண்டாம்" என்று கத்தினார். தலை வேகமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஷெட்டர் சிரித்தார். "பாருங்க மேடம், வாய்தான் வேண்டாங்குது, தலை நம்ம பக்கம் இருக்கு" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. வசுதா தேசாயும் சிரித்து, "சரிதானே யமனப்பா?" என்று கேட்டார். தலை பதில் சொன்னது. மந்திரி பொத்தானை அழுத்தினார்.

பன்னிரண்டாவது சுற்றில் கௌளிகல்லி ஒரு முழ உயரம் மேலே எழும்பியது. இருபதாவது சுற்றில் தபால் ஆபீஸுக்கப்பால் ஏழாவது வீடு தரையோடு உட்கார்ந்தது. நீலவ்வா அடுப்பின் முன் ஜோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தோன்றியது. நிறுத்தட்டுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எல்லாத் தலைகளும் சரி என்றன. யாரும் நிறுத்தவில்லை. இருபத்தெட்டும் முடிந்த பிறகு அதுவாகவே நின்றது.

மறுநாள் அடக்கத்துக்கு ஊரே வந்தது. யமனப்பா மனைவியின் உடலுக்கு முன்னால் உட்கார்ந்து சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நீலவ்வாவின் தங்கை அந்தத் தலையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் கைகளும் சேர்ந்து ஆடின. விட்டுவிட்டு மூலையில் போய் அமர்ந்தாள். பிறகு விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். முன்கூட்டியே எச்சரித்தாயா என்ற கேள்விக்கு யமனப்பாவின் தலை ஆடியது, தெரிந்தே மறைத்தாயா என்பதற்கும் ஆடியது. இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். ஊழியர்களின் ஒத்துழைப்பு முழுமையாக இருந்தது, திட்டம் தோற்றதன் காரணம் புலப்படவில்லை என்று அறிக்கை முடிந்தது. ரயிலேறும்போது அந்த மூவரின் தலைகளும் லேசாக ஆடத் தொடங்கியிருந்தன.

ஐந்து மாதம் கழித்து வசுதா தேசாய் நீரேற்று நிலையத்துக்கு வந்தார். யமனப்பா அங்கேதான் ஒரு கொட்டகையில் இருந்தார். வசுதா அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். பிறகு, "கௌளிகல்லிக்கு எத்தனை சுத்து, யமனப்பா?" என்று கேட்டார்.

"பதினொண்ணு தாயி. தபால் ஆபீஸுக்கு அப்பால பழைய சிமெண்டுக் குழாய்."

"கூட்டத்துலயே இதச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க சரிதானான்னு கேட்டீங்க. எத்தனைன்னு கேக்கலியே" என்றார் யமனப்பா. கொஞ்சம் கழித்து, "உங்களை மட்டும் சொல்லி என்ன? நீலவ்வா சரியாத்தான் கேட்டா. தலை ஆடிச்சு, வாய் சும்மா இருந்திச்சு. தலை ஆடினது என்னமோ மாயம். வாய் என்னோடது தாயி" என்றார்.

வசுதா தேசாய் அழுதார். பிறகு இருவருமாக மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் கையால் திருப்பும் பழைய சக்கரத்தை மாட்டினார்கள். யமனப்பா திருப்ப, வசுதா எண்ணினார்.

இப்போது பழையபடி எட்டு நாளைக்கொருமுறை தண்ணீர் வருகிறது. இருபத்துநாலு மணி நேரம் என்ற பலகையின் கீழ் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். சாக்கடைத் திட்டம் ஒன்று வரப்போகிறது, அதற்கும் கூட்டம் முடிந்துவிட்டது. நகரசபைக்காரர்களின் தலை ஆடுவதை ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேரும் புது ஆட்களுக்கு முதல் வாரத்திலேயே அந்த ஆட்டம் வந்துவிடுகிறது. தண்ணீர் விடும் நாளில் யமனப்பா சக்கரத்தைத் திருப்புகிறார். பதினொன்றில் கை நின்றுவிடும். தலை ஆடிக்கொண்டே இருக்கும்.