படித்துக் காட்டிய மனு

சட்டமன்ற உறுப்பினர் தைரியராஜ் சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்து வீட்டில் மனு வாங்குவார். வாங்குவது என்றால், வலது கையால் வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் தள்ளிவிடுவது. மனுவுக்குப் பன்னிரண்டு விநாடி. ஜனநாயகம் இத்தனை வேகமாக வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

அன்று வரிசையில் வைஜயந்தி நின்றாள். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, சித்திரை வீதி வீடு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருத்தடைச் சாதனங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும் என்ற மனுவுக்கு இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி நாற்பது கையெழுத்து வாங்கியிருந்தாள். புதன்கிழமை சட்டசபையில் சுகாதாரத் துறை விவாதம், தைரியராஜ் பேசப்போகிறார்.

உடன் வந்தவள் இருளாயி. மருங்காபுரிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் பிழைத்ததே பெரிது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு உடம்பில் ரத்தம் போதாது, ஊறும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு கருத்தடை ஊசி என்றார் டாக்டர். அந்த ஊசிதான் அவள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வரவில்லை. தவணை தாண்டிப் பதினெட்டு நாள். இருபத்தெட்டு நாள் வரை தாங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். போனில் கேட்ட இந்தக் கணக்கை வைஜயந்தி மனுவிலும் எழுதியிருந்தாள்.

எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்து நாற்காலியில் பண்பாட்டுப் பேரவைத் தலைவர் பராசரன். அவரிடம் மனு எதுவும் இல்லை. பண்பாடு கெடாமல் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். மனுவின் தலைப்பை எட்டிப் பார்த்தார்.

“ரங்கா, ரங்கா! நாலு பேர் நடமாடற எடத்துக்கு இதையா எடுத்துண்டு வரது?”

“உங்களுக்கு எத்தனை குழந்தைகள் மாமா?” என்றாள் வைஜயந்தி.

“ஒரே பிள்ளை. டல்லாஸ்ல இருக்கான்.”

“ஒண்ணோட நிறுத்திண்டது உங்காத்து சம்பிரதாயமா?”

பராசரன் செல்போனை எடுத்து, வராத அழைப்புக்கு “ஹலோ” சொன்னார்.

“அந்த... மேட்டர்தானேம்மா, பார்க்கலாம். போட்டோ எடுத்துக்குங்க” என்றார் தைரியராஜ்.

உதவியாளர் மனுவைப் புரட்டினார். “ஒரு கைநாட்டு பாக்கி சார்.” இருளாயியின் பெயருக்கு நேரே காலி. மைப்பெட்டியை நீட்டினார். இருளாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“படிச்சுக் காட்டாத காகிதத்துல நான் கை வைக்கிறதில்லைங்க.”

பஸ் ஸ்டாண்டில் சந்தித்து நேரே வந்த அவசரத்தில் வைஜயந்திக்கு அது தோன்றவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கொடுங்க, நான் படிக்கறேன்.”

“நீங்க வேணாங்க. வாங்கிக்கிறவரு படிக்கட்டும். அவருக்கும் தெரியணும்ல?”

பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வந்த ஐம்பது பேர் கூடத்தில் கழுத்தை நீட்டினார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தைரியராஜ் கண்ணாடியை மாட்டினார். மைக் கிழியப் பேசும் குரல் ‘ஆணுறை’ வந்ததும் கிணற்றுக்குள் போய்விட்டது.

“சத்தமாங்க” என்றாள் இருளாயி.

சத்தமாகப் படித்தார். மாத்திரை, ஆணுறை, காப்பர் டி, ஊசி. கூரை இடிந்து விழவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, “எங்க பக்கமும் ஊசி வரலைங்க, அதையும் எழுதிக்குங்க” என்றாள்.

“இதுல என்னோட ஊசி எங்க இருக்கு?” என்றாள் இருளாயி.

“நாலாவது பாராம்மா.”

“அதை மட்டும் இன்னொரு தடவை.”

இரண்டாம் முறை படித்தபோது அவர் பாதியில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “பதினெட்டு நாளா? மிச்சம் பத்து நாளுதானா?”

“ஆமாங்க.”

பன்னிரண்டு விநாடி எப்போதோ கடந்திருந்தது. அவரே போனை எடுத்து மாவட்ட அதிகாரியைக் கூப்பிட்டார். ‘மேட்டர்’ என்று சொல்லவில்லை. கருத்தடை ஊசி என்றே சொன்னார், இரண்டு தரம். அதற்குப் பிறகுதான் இருளாயி கட்டைவிரலை மையில் அழுத்தினாள். அவள் ரேகைக்குக் கீழே, வரிசையிலிருந்த பெண்கள் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவில் இடம் போதாமல் உதவியாளர் வெள்ளைத்தாள் தேடி ஓடினார்.

புதன்கிழமை தைரியராஜ் சட்டசபையில் நாலாவது பாராவைத் தடுமாறாமல் படித்தார்.

அதற்கு மறுநாள், இருபத்துமூன்றாம் நாள், ஊசி வந்தது. போட்டுக்கொண்ட கையைத் தேய்த்தபடி, பெட்டியில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று இருளாயி நர்ஸிடம் கேட்டாள். பன்னிரண்டு என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தன் தெருப் பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தாள்.