கொடிமரத்தடியில் கழன்ற இடுப்பு

பொன்னியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் ஒரே ஒரு பொய்யை மட்டும் மாதக்கணக்கில் கட்டிக்காத்து வந்தாள். "கோயில்ல தண்ணி கொட்டிக் கெடந்துச்சு, வழுக்கி வுழுந்துட்டேன்." புருஷன் துலுக்கானம் நம்பினான். அயனம்பாக்கத்தில் அவர்கள் தெருவே நம்பியது.

நடந்தது வேறு. தொண்ணூற்று மூன்றில் தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு அவளுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். பல வருஷ நொண்டல் போய் நடை நேரானது. சந்தையில் 'நொண்டிப் பொன்னி' என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் அடைத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தில் எலுமிச்சம்பழத்தோடு மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் போவதாக வேண்டிக்கொண்டாள். குனியாதே, தரையில் உட்காராதே என்று ஆஸ்பத்திரியில் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார்கள். கடைசி வாரம் கொடிமரத்தைப் பார்த்ததும் அதெல்லாம் காற்றில் பறந்துபோயிற்று. மண்டிபோட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள், மூட்டு கழன்றுவிட்டது.

நன்றி சொல்லப் போன இடத்திலா இப்படி என்று ஊர் கேட்காதா? அம்மன்மேல் வரும் பழி தண்ணீர்மேல் போகட்டும் என்றுதான் அந்தப் பொய். மூட்டை இழுத்துப் பொருத்தினார்கள். அதன்பிறகு பெஞ்சியிலிருந்து எழுந்தாலே கழன்றது. ஒவ்வொரு தடவையும் துலுக்கானம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான்.

மறுபடி அறுத்தே ஆகவேண்டும் என்றானபோது டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"பின்பக்கமா திறந்தா பழைய தழும்பு வழியாவே போயிடலாம். நடை நல்லா இருக்கும். ஆனா குனிஞ்சா திரும்பக் கழலுற பயம் உண்டு. பக்கவாட்டுல திறந்தா அந்தப் பயம் குறையும். ஆனா அங்க இருக்கிற தசையப் பிரிச்சுத் தைக்கணும், நடையில சாய்வு தங்கிடலாம். நீங்க வழுக்கி விழுந்துதானே முதல்ல கழண்டுச்சு, குனிஞ்சு இல்லையே? அப்ப பின்பக்கமே போதும்னு நினைக்கிறேன்."

"ஆமா சார், வழுக்கிதான் வுழுந்துச்சு," என்றான் துலுக்கானம்.

பொன்னியம்மா தலையை ஆட்டினால் போதும், நேரான நடை கிடைத்துவிடும். பக்கத்தில் துலுக்கானத்தைப் பார்த்தாள். ஓடியோடிக் களைத்த முகம்.

"இல்ல சார். வுழுந்து கும்புட்டேன்."

"இனிமே கும்பிடாம இருப்பீங்களா?"

"இருக்கறேன்னுதான் அப்பவும் சொன்னேன். அம்மா எதிர்ல ஒடம்பு தானா மடங்குது. பக்கமாவே அறுத்துடுங்க சார்."

வெளியே வந்ததும் துலுக்கானம் கேட்டான். "எங்கிட்ட கூட இன்னாத்துக்குடி மறச்ச?"

"நீ சாமி இல்லன்ற ஆளு. சிரிப்ப."

அவன் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் சொன்னபடியே சாய்வு தங்கிவிட்டது, மூட்டு கழலவில்லை. இருந்தாலும் தரையில் விழுந்து கும்பிடுவது மட்டும் கூடவே கூடாது என்றார். ஊன்றுகோலை விட்டதும் முதல் வேலையாக மாங்காட்டுக்குக் கிளம்பினாள். எப்போதும் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கும் துலுக்கானம் அன்று கூடவே உள்ளே வந்தான்.

கொடிமரத்தடியில் அவள் முழங்கால் தானாக மடங்கத் தொடங்கியது. அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நில்லு."

பிறகு, தொழிற்சங்கக் கூட்டங்களில் சாமியைக் கிழிகிழியென்று கிழித்த அந்த மனுஷன், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பொன்னியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போதுமாடி?" என்று கிடந்தபடியே கேட்டான்.

"இது என் கும்புடு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்னுது பாக்கி கீது."