கமிட்டி ரூம் ஏசி

என் வீட்டுக்காரர் எங்க பள்ளிவாசல் பொருளாளர். அமானிதம்னா, அதான் அடுத்தவங்க நம்பி ஒப்படைச்ச பொருள்னா, உசுரை விடுவார். பள்ளிவாசல் பேனாவால வீட்டுச் சாமான் சீட்டுகூட எழுத மாட்டார். சட்டைப் பையில தெரியாம வந்த ஒரு குண்டூசியைத் திருப்பி வைக்க, கொட்டுற மழையில போன மனுஷன். அப்பேர்ப்பட்டவர் ஒரு முழு ஏசியை முழுங்கிட்டு ஏப்பம் விடாம உக்காந்திருந்தார்னா நம்புவீங்களா?

அது இஸ்திரிக் கடை அக்கா குடுத்த ஏசி. பொம்பளைங்க தொழுறது மேல்மாடி, தகரக் கூரை. அக்காவோட மக மாசமா இருக்கா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துல அங்கேயே மயங்கி விழுந்துட்டா. அதுக்கப்புறம் பள்ளிவாசல் பக்கமே வர்றதில்ல. அக்கா சேர்த்து வெச்ச காசை எடுத்து, "பொம்பளைங்க ரூமுக்கு"ன்னு சொல்லி, இவர் கையிலதான் குடுத்தா.

ஏசி வந்துச்சு. மேல ஏறல. கமிட்டி ரூம்ல மாட்டிட்டாங்க.

"மேல வயரிங் சரியில்ல. அதுவரைக்கும் சும்மா கிடக்க வேணாமேன்னு கமிட்டித் தலைவர் சொன்னார்" என்றார் இவர்.

"வயரிங் எப்ப?"

"பாக்கலாம்னார்."

தலைவருக்கு ஊர் வெச்ச பேரே 'பாக்கலாம்'தான். விளங்கிடும்!

"கமிட்டி ரூமும் பள்ளிவாசல்தானே? எவன் வீட்டுக்காச்சும் தூக்கிட்டுப் போனோமா?" என்றார் இவர்.

"குடுத்தவங்க எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்களோ அதுக்குத்தான் ஆகணும்னு எனக்குச் சொன்னதே நீங்கதானே?"

மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துல மறுநாள் தையல் மிஷின்ல ரெண்டு ஊசி உடைஞ்சது. இஸ்திரிக்குத் துணி வாங்க வர்றப்பல்லாம் அக்கா, "மாட்டியாச்சா?"ன்னு கேப்பா. நான் பித்தானைத் தேடுற மாதிரி தலையைக் குனிஞ்சுக்குவேன். எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?

வெள்ளிக்கிழமை அக்காவையும் மகளையும் நானே போய்க் கூட்டிட்டு வந்தேன். தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் தொழுற முசல்லாப் பாயும் கையுமா வந்தாங்க. யாரும் மாடிப்படி ஏறல. நேரா கமிட்டி ரூமுக்குள்ள போயி, மேசையை ஓரமாத் தள்ளி, ஏசியைப் போட்டு உக்காந்தோம். மாசமா இருக்கிறவளைத் தலைவர் நாற்காலியில உக்கார வெச்சோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாற்காலி.

தொழுகை முடிஞ்சு கமிட்டிக்காரங்க கூட்டம் போட வந்தாங்க. வாசல்ல செருப்புக் குவியலைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க.

"அம்மாடி, இது கமிட்டி ரூம்" என்றார் தலைவர் வெளியிலிருந்து.

"பொம்பளைங்க ஏசி எங்க இருக்கோ அதுதான் பொம்பளைங்க ரூம், அண்ணே. மேல காலியாத்தான் இருக்கு. நீங்க அங்க போய்க் கூட்டம் போடுங்க. வயரிங் பத்திப் பேசலாம்" என்றேன் நான்.

உள்ள ஒரே சிரிப்பு. வேற வழியில்லாம மேல போனாங்க. போன வேகத்துல இறங்கி வந்தாங்க. தலைவர் சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி ரொம்பும். இவர் முகத்துல வேர்வை மட்டுமில்ல, வேற என்னமோவும் இருந்துச்சு. எனக்கே பாவமாப் போச்சு.

கதவோரம் நின்னு, தலை நிமிராம, "அக்கா, நீங்க என்னை நம்பிக் குடுத்தீங்க. நான் தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றார்.

அக்கா எழுந்திரிக்கக்கூட இல்ல. "என்கிட்ட ஏன் தம்பி கேக்குறீங்க? நான் குடுத்துட்டேன், அது இப்ப என்னுது இல்ல. அந்தச் சூட்டுல விழுந்தவ அந்தா இருக்கா. அவகிட்டக் கேளுங்க."

சிரிப்பு நின்னுபோச்சு. இவர் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிரும்மா" என்றார்.

அவ வயித்துல கையை வெச்சுக்கிட்டு நாற்காலியில நல்லாச் சாஞ்சு உக்காந்தா.

"மன்னிச்சுட்டேன் மாமா. ஆனா இது மேல போற வரைக்கும் நாங்க யாரும் எழுந்திரிக்க மாட்டோம்."

வயரிங்காரருக்குத் தலைவரே போன் போட்டார். ஏணியைத் தூக்கிட்டு மாடி ஏறினது என் வீட்டுக்காரர்.