பதினோராம் இலக்கச் சட்டை

ஜெயலெட்சுமி சேர்த்துவைத்திருந்ததெல்லாம் ஒரே ஆளின் கையெழுத்துகள். கூடைப்பந்து வீராங்கனை கேஷானியுடையவை. கேஷானி பதுளை டவுனில் பிறந்து, தேசிய அணியில் ஆடி, முழங்கால் கெட்டுப்போனதால் ஓய்வுபெற்றவள். ஜெயலெட்சுமி ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளும் கூடைப்பந்து ஆடியவள்தான், நல்ல உயரம். அப்பா படுக்கையில் விழுந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

முதல் கையெழுத்து ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்தது. பிறகு பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, முத்திரை ஒட்டிய உறையையும் வைத்துக் கொழும்புக்கு அனுப்பி, கையெழுத்தோடு திரும்ப வாங்கினாள். மணிக்கட்டுப் பட்டி ஒன்று கிடைத்தது. தோல் உரிந்த பந்து ஒன்றும் கிடைத்தது. மொனராகலையில் கடை வைத்திருக்கும் ஸலீமிடம் கையெழுத்துப் போட்ட போஸ்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவள் புருசன் சுரேஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அதை வாங்கிவந்தான்.

“சாமி படம் வைக்கிற எடத்துல பந்த வச்சிருக்கா பாரு” என்று தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சிரித்தார்கள். சுரேஸ் சிரிக்கவில்லை. பலகை வாங்கி, கண்ணாடி போட்டு, சின்னதாக ஒரு அலுமாரி செய்துகொடுத்தான்.

“அப்படி என்னடி இருக்கு அந்தப் புள்ளகிட்ட?” என்று ஒருநாள் கேட்டான்.

“அவ ஓடுறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குதுங்க. நானே ஓடுன மாதிரி இருக்கு.”

பதுளையில் நடந்த விடைபெறும் ஆட்டத்துக்குப் பிறகு, கேஷானி தன் சட்டைகளில் கையெழுத்திட்டு ரசிகர்களுக்குக் கொடுத்தாள். வரிசையின் கடைசியில் நின்ற ஜெயலெட்சுமிக்குப் பதினோராம் இலக்கச் சட்டை கிடைத்தது. அதை அவள் ஒருநாளும் போட்டதில்லை. ஞாயிறு தோறும் வெளியே எடுத்து உதறி, மடித்து வைப்பாள்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதை யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். விடிகாலையில் எல்லாரும் எதிர்மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகக் கிளம்பினார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த கருப்பம்மாவுக்கு நடக்க முடியாது. சுரேஸ் அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். பாதி வழியில் ஜெயலெட்சுமி நின்றுவிட்டாள்.

“நீங்க போங்க. சட்டைய மட்டும் எடுத்துக்கிட்டு ஓடியாந்துர்றேன்.”

“பைத்தியமாடி ஒனக்கு? பேசாம வா.”

“இந்தா, ஒரே ஓட்டம்.”

அவன் முதுகில் ஆள் இருந்தது. எட்டிப் பிடிக்கக் கை இல்லை. மழைக்குள் அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஓடியதைப் பார்த்தபடி நின்றான். பிறகு ஏறினான். பள்ளிக்கூடப் படியில் கருப்பம்மாவை இறக்கும்போது மலை இரைந்தது. திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவளைத் தோண்டி எடுத்தார்கள். ஜெக்கட்டுக்குள், வயிற்றோடு சேர்த்து, சட்டை இருந்தது. கையெழுத்து அழிந்திருக்கவில்லை. பக்கத்து லயங்களில் புதைந்த மற்றவர்களோடு அவளையும் ஒரே இடத்தில் அவசரமாக அடக்கம் செய்தார்கள். சட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் சுரேஸ் தன் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தையே முகாமாக்கியிருந்தார்கள். அங்கே சாமான் கொடுக்கக் கேஷானி வரப்போகிறாள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து அவன் ஒரே வசனத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘ஒங்க சட்டைக்காகத்தான் அவ செத்தா.’ அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அதற்குமேல் அவன் எதையும் யோசிக்கவில்லை.

கேஷானி காலைச் சாய்த்துச் சாய்த்து வகுப்பறைக்குள் வந்தாள். யாரோ அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நேராக அவனிடம்தான் வந்தாள். மடங்காத முழங்காலை நீட்டியபடி வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, உங்க மனைவிக்கு என்னோட ஆட்டம்னா ரொம்பப் பிடிக்கும்னு சொன்னாங்க. போட்டோ ஏதும் இருக்கா?”

சுரேஸ் போனில் இருந்த படத்தைக் காட்டினான். கேஷானி அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“மன்னிச்சிருங்க அண்ணா” என்றாள். “பொய் சொல்ல மனசில்ல. எனக்கு ஞாபகம் வரல்ல.”

சுரேஸ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பஸ் டிக்கெட், போஸ்டர், அலுமாரி, இத்தனைக்கும் பிறகு அந்த முகம்கூட இவளுக்கு நினைவில் இல்லை.

“எப்படி நடந்திச்சு?” என்று கேஷானி மெதுவாகக் கேட்டாள். “தூக்கத்திலயா?”

வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்களைப் பார்த்தான். பயந்து போயிருந்தாள்.

“ஆமாங்க மிஸ். தூக்கத்துலதான். அவளுக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காது.”

பக்கத்துப் பாயில் கிடந்த கருப்பம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாபகம் இல்லாதவளுக்குச் சொல்லியாவது வைக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. “கடைசி ஆட்டத்தன்னைக்கு ஒங்ககிட்ட பேசணும்னு பஸ்ல வழிநெடுகச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தா. கிட்ட போனதும் வாய் வரல.”

“என்ன சொல்ல இருந்தாங்க?”

“பள்ளிக்கூடத்துல நானும் பதினோராம் நம்பர்தான்னு.”

கேஷானி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள். “வேன்ல ஒரு புதுப் பந்து இருக்கு. அவங்க பேரை எழுதி, சைன் பண்ணித் தரவா?”

“வேணாங்க மிஸ். சேக்குறவ இல்லையே.”

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். வேன் இறக்கத்தில் இறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு கருப்பம்மா வாயைத் திறந்தாள்.

“என்னையத் தூக்காம இருந்திருந்தா அவளப் புடிச்சிருப்பியேய்யா.”

அத்தனை நாளும் அவன் மனசை அரித்துக்கொண்டிருந்ததும் அதேதான். அவள் காலில் போர்வையை இழுத்துவிட்டான். பாய்க்கு அடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வராந்தாவில் ஆட்கள் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றார்கள். அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து, சட்டையில் முகத்தைப் புதைத்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதான். வரிசை அவனைச் சுற்றி வளைந்து நகர்ந்தது. யாரும் அவனைச் சமாதானப்படுத்தப் போகவில்லை.