தெருமுனை வரை ஒரு ரவுண்டு

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இந்த அம்மாக்காரி பொருந்தத்தான் சொன்னாள்.

பெரியவனுக்குப் பத்தொன்பது வயது. அடிதடியில் ஏற்கெனவே ஒரு கேஸ் உண்டு. சைக்கிள் கடைப் பூட்டை உடைத்து, புத்தம்புது சைக்கிளை ஓட்டி வந்து வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்தவன் அவன்தான். மறுநாள் போலீஸ் வாசலில் வந்து நின்றதும் அம்மாக்காரி சின்னவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"நீ பண்ணதா சொல்லிடுடி. உனக்குப் பதினஞ்சு வயசு, முதல் தடவை, விட்டுருவாங்க. அண்ணன் உள்ள போனா அவன் வாழ்க்கையே போச்சு."

சின்னவள் தலையாட்டினாள். அண்ணனுடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கடை கேமராவில் விழுந்திருந்ததும் அந்தக் கோட்டுதான், முகம் விழவில்லை.

அம்மாக்காரி நினைத்தபடியே நடந்தது. சின்ன வயது, முதல் தப்பு என்பதால் கோர்ட்டுக்குப் போகாமல் சமூக மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கவுன்சிலிங் மேடம். கடைக்காரர் எதிரில் உட்கார்ந்து தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், சனிக்கிழமைதோறும் அவர் கடையிலேயே வேலை பார்க்க வேண்டும், பெற்றவர் கூடவே இருக்க வேண்டும். ஒழுங்காக முடித்தால் கேஸ் என்று ஒன்று இருந்ததற்கே சுவடு இருக்காது. பாதியில் கெட்டால் மறுபடி கோர்ட்டுதான்.

முதல் நாள் கடைக்காரர், "ஏம்மா எடுத்த?" என்று கேட்டார்.

"புத்தி கெட்டுப் போச்சுங்க, சேர்க்கை சரியில்ல..." என்று அம்மாக்காரி முந்திக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா, அவ சொல்லட்டும்" என்றார் மேடம்.

சின்னவள் தரையைப் பார்த்தபடி, "சைக்கிள்னா எனக்கு ரொம்ப ஆசை" என்றாள்.

அடேயப்பா, என்னமாய்ச் சமாளிக்கிறாள் என்று அம்மாக்காரிக்கு உள்ளூரப் பெருமைகூட வந்தது. வெட்கங்கெட்ட பெருமை!

சின்னவளுக்குக் கைவேலை சீக்கிரம் படிந்தது. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டாள், கழன்ற செயினை மாட்டினாள், வளைந்த சக்கரத்தை நிமிர்த்தினாள். முதலில் சிடுசிடுத்த கடைக்காரர் பிறகு கல்லாவைத் திறந்து போட்டுவிட்டே டீ குடிக்கப் போனார். அம்மாக்காரி மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கார்மெண்ட் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நம்பினாள்.

கடைசி சனிக்கிழமை மேடமும் வந்திருந்தார். சின்னவள் ஒரு சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றி முடித்தாள்.

"தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா. பிரேக் எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார் கடைக்காரர் சிரித்தபடி. "இதுவரைக்கும் உன்கிட்ட ஓட்டக் குடுக்கல. மனசுல கொஞ்சம் பயம் இருந்துச்சு. இன்னிக்கு இல்ல."

அம்மாக்காரியின் விரலில் ஊசி ஏறியது. ஐயோ! இவளுக்கு எங்கே சைக்கிள் தெரியும்? பெரியவனுக்கு அம்மாக்காரியே சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடிச் சொல்லிக் கொடுத்தாள். சின்னவள் அழுது கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி சைக்கிள், விழுந்து மூஞ்சியப் பேத்துக்கவா?" என்று அடக்கிவிட்டாள். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. முதல் நாள் அந்தப் பெண் சொன்ன ஆசை, சமாளிப்பே இல்லை.

சின்னவள் சைக்கிளை வெளியே தள்ளிப் போய் ஏறினாள். இரண்டு மிதி மிதித்ததும் சைக்கிளோடு சாய்ந்தாள். எழுந்து மறுபடி ஏறினாள். இம்முறை ஹாண்டில் திருகிக்கொள்ள, முழங்கால் தரையில் தேய்ந்தது.

கடைக்காரரின் சிரிப்பு போய்விட்டது. "என் சைக்கிளை அன்னிக்கு ஓட்டிட்டுப் போனது யாரு?"

"நான்தான்" என்றாள் சின்னவள். "அன்னிக்கு நல்லா ஓட்டினேன். இருங்க, இப்ப ஓட்டிக் காட்டறேன்." மூன்றாவது தடவை காலைத் தூக்கிப் போட்டாள். முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"போதும்!" அம்மாக்காரி மடியிலிருந்த சட்டைகள் சிதற ஓடினாள். "அவளுக்கு ஓட்டத் தெரியாதுங்க. நான்தான் கத்துக்க விடல. எடுத்தது பெரியவன். இவளைச் சொல்ல வச்சது நான்."

மேடம், "இதை நான் மேல சொல்லித்தான் ஆகணும்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

சின்னவள் அம்மாவையே பார்த்தாள். "இப்ப எதுக்கும்மா சொன்ன? இன்னும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்."

"உன் கால்ல ரத்தம் வர்றதைப் பாத்துட்டு எப்படிடி சும்மா இருப்பேன்?"

"வீட்டுக்குப் போலீஸ் வந்ததுலேர்ந்து ஸ்கூல்ல எது காணாமப் போனாலும் முதல்ல என் பையைத்தான் கொட்டிப் பாக்கறாங்க. என் பெஞ்சுல யாரும் உக்கார்றதில்ல. வந்து உன்கிட்ட சொன்னேனே. அப்ப மட்டும் எப்படிம்மா சும்மா இருந்த?"

பெரியவனைத் தேடி இன்று போலீஸ் வரும் என்பது தெரிந்தும் அம்மாக்காரிக்கு அவன் நினைப்பு வரவில்லை. கை தானாக நீண்டு சைக்கிள் சீட்டைப் பிடித்தது.

"ஏறு. நான் பிடிச்சுக்கறேன்."

சின்னவள் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையை எடும்மா" என்று சொல்லிவிட்டு, நொண்டியபடி அதைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.