ஆள் ஒருத்தர்தான்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் ஷாரோன் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெரியவர் மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார். பூக்காரி தினமும் ஒரு முழம் மல்லி நீட்டுவாள். "பொண்ணுதான், பாத்துக்கினே இரு" என்று பந்தயம் கட்டினாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஷாரோனுக்கு மயக்கம் தெளிந்தபோது குழந்தையைச் சொந்த ஊரான பெருநகருக்கு எடுத்துப்போய், கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டுத் திரும்பியும் வந்திருந்தார்கள். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள்.

"மொகத்த பாத்தா இவ தாங்கமாட்டா" என்று மாமியார் ராணியம்மாள் முடிவு செய்திருந்தாள். கணவன் ஆல்வின் தலையாட்டியிருந்தான். ஆல்வின் அவளுக்கு அத்தை மகன்தான். சிறுவயதிலிருந்தே தெரிந்தவன், டிராக்டர் பட்டறையில் மெக்கானிக். அவளிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை, "பாப்பா எப்பிடி இருந்திச்சி மாமா?" என்று கேட்டாள்.

"வுடு ஷாரோ. அதயே நெனைக்காத" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், இருமல் மருந்து வாங்க வந்த ஒருத்தி வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா கொழந்தம்மா?"

ஷாரோன் சொன்னாள். அடுத்த ஆளுக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தீரவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வருகிற கடை அது, விஷயம் தெரியாத ஒருவர் பாக்கி இருந்துகொண்டே இருந்தார். கேட்டவர்கள் அதோடு விடவும் இல்லை. "வண்டில கிண்டில போனியா? வெயிட்டு எதுனா தூக்கனியா?" யாராவது தெரிந்த முகம் வாசலில் தெரிந்தால் அவள் மருந்து அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளப் பழகினாள். பூக்காரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மல்லியை மட்டும் மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதையும் தாங்க முடியவில்லை.

வீட்டில் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள், அழுதார்கள், காபி குடித்தார்கள். ஆல்வின் சாயங்காலம் வரும்போது அவளுக்குப் பிடித்த வறுத்த மீன் வாங்கிவருவான். பொட்டலத்தைப் பிரிக்கும் அவன் கைகளை அவளால் பார்க்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிய கைகள் அவை. தான் ஒரு முறைகூடத் தொடாத குழந்தை.

ஒரு மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் ஒரு வீடியோ வந்தது. அந்தமானில் ஏதோ ஒரு தீவு. பாக்கு மரங்களுக்கு நடுவே மர வீடு, நனைந்த வாழை இலைகள், மழை. யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஷாரோன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்த ஒருவர்கூட இல்லாத இடம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து அந்தமானில் தங்கும் இடம் தேட ஆரம்பித்தாள். கடையின் பின்கட்டில் நின்று ஒவ்வொரு நம்பராகப் போன் செய்தாள்.

"எத்தனை பேர் மேடம்?"

"ஆள் ஒருத்தர்தான்."

"லேடீஸ் தனியா வந்தா நாங்க ரூம் குடுக்கறதில்ல மேடம்."

இன்னொருவர் ஹனிமூன் பேக்கேஜ் இருக்கிறது, மெத்தையில் பூ அலங்காரம் உண்டு என்றார். மற்றொருவர் ராத்திரி பாட்டும் டான்ஸும் உண்டு, போர் அடிக்காது என்றார். மரம் இருக்கிறதா, சத்தம் இல்லாமல் இருக்குமா என்று அவள் கேட்டதற்கு ஒருத்தர், "ஏம்மா, எதுனா பிரச்சனையா?" என்று இழுத்துவிட்டுப் போனை வைத்தார். தனியாக வந்து சத்தமில்லாத அறை கேட்கும் பெண் சாகத்தான் வருகிறாள் என்று நினைத்திருப்பார். கடைசியில் நீல் தீவில் கடற்கரைக்குப் பக்கம் ஒரு விடுதி ஒத்துக்கொண்டது.

வீட்டில் சொன்னபோது ராணியம்மாள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "புருசன வூட்ல வுட்டுட்டு தீவுக்குப் போறாளாம்! ஊர்ல இன்னா பேசுவாங்க? ஏன்டா, நீ வாய தொறக்க மாட்டியா?"

ஆல்வின் ஷாரோனைப் பார்த்தான். "நானும் வரன். லீவு சொல்லிட்டு வரன்."

"வேணாம் மாமா."

"நான் இன்னா பண்ணன்?"

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஆல்வின், "போவட்டும்மா" என்றான். விமான நிலையம் வரை கூடவே வந்து, கண்ணாடிக்கு வெளியே அவள் மறையும் வரை நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போர்ட் பிளேரில் இறங்கிக் கப்பலேறி நீல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். விடுதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் பக்கத்து அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. தாய் தாலாட்டுவதும் கேட்டது. ஷாரோன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த ஆட்டோவில் ஏறினாள்.

"சத்தமே இல்லாத எடம் வேணும்ணா. எவ்வளவு உள்ள இருந்தாலும் பரவால்ல."

ஓட்டுநருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. கடலை விட்டு விலகி, காய்கறித் தோட்டங்களைத் தாண்டி, பாக்குத் தோப்பின் முனையில் இருந்த ஒரு வீட்டில் இறக்கிவிட்டார். பின்னால் வாடகைக்கு ஒரே ஒரு அறை. மிளகுக்கொடி ஜன்னல்வரை ஏறியிருந்தது. எங்கு பார்த்தாலும் பச்சை, பச்சைக்குப் பின்னாலும் பச்சை. வீட்டுக்காரி திலகா போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப்பெண், இந்தத் தீவில் ஒரு வங்காளிக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. "மீன் சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தேடிய இடம் கிடைத்துவிட்டது. ஷாரோன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை வந்தது, நின்றது, இலைகளிலிருந்து சொட்டியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆனால் மற்ற சத்தங்கள் ஓய்ந்ததும், ஊரில் கூட்டத்துக்கு நடுவே மறைந்து கிடந்த கேள்வி ஒன்றுதான் மிஞ்சியது. கண்ணை மூடித் தன் குழந்தையின் முகத்தைக் கற்பனை செய்து பார்த்தாள். ஆல்வினின் கண்ணை வைத்தாள், தன் அம்மாவின் நெற்றியை வைத்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. பார்க்காத முகத்தை எப்படி நினைத்து அழுவது? அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் திலகா வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஷாரோனும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏதேதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, திலகா சாதாரணமாகக் கேட்டாள்.

"பிள்ளைங்க இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கடல் தாண்டி வந்திருந்தாள். இருந்தும் வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணு. பொண்ணு."

"பேரு?"

"நிஷா." வயிற்றில் இருந்தபோது தனக்குள் கூப்பிட்ட பெயர். அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆல்வினுக்குக்கூடத் தெரியாது.

"நல்ல பேரு. யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

ஷாரோன் கொஞ்சம் யோசித்தாள். "அவங்கப்பாகிட்ட" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது. அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து தோப்புக்குள் நடந்தாள். ஒரு பாக்கு மரத்தில் சாய்ந்துகொண்டு ஆல்வினுக்குப் போன் போட்டாள். பட்டறையில் இன்ஜின் சத்தம் கேட்டது.

"ஷாரோ? நல்லா கீறியா? சாப்ட்டியா?"

"மாமா, பாப்பா எப்பிடி இருந்திச்சி?"

இன்ஜின் சத்தம் மெல்லத் தூரமானது. எங்கோ தள்ளிப் போகிறான் என்று தெரிந்தது.

"இப்ப எதுக்கு..."

"நீ மட்டும் பாத்துட்ட. எனக்குச் சொல்லு."

"தல நெறைய முடி" என்றான் ஆல்வின். "மூக்கு உன்னுதேதான். வெரலு நீட்டு நீட்டா இருந்திச்சி. ஒதடு மட்டும் கறுத்துப் போயி... தூங்கறாப்பலதான் இருந்தா ஷாரோ. பட்டறையில கூட வேல செய்ற டேனியல்தான் கார ஓட்னான். செங்கல்பட்டுலேர்ந்து பெருநகர் வரிக்கும் நான்தான் மடில வச்சிக்கினு வந்தன். துணிய வெலக்கி வெலக்கி பாத்துக்கினே வந்தன். குண்டு குழில வண்டி ஏறி எறங்கும்போதுலாம் தலய புடிச்சிக்கினன். வலிக்கப்போவுதுன்னு."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஷாரோன் மரத்தடியில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். நான்கு மாதமாக வராத அழுகை இப்போது வந்தது. போனின் அந்த முனையில் அவனும் அழுதான்.

"ஏன் மாமா எங்கிட்ட காட்டல?"

"பயந்துட்டன். உன்னயும் வாரிக் குடுத்துடுவனோன்னு பயந்துட்டன்."

"அவ பேரு நிஷா."

"நிஷாவா?" அவன் மெதுவாக ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு, "நான் அங்க வரட்டா?" என்றான்.

"வேணாம். நானே வந்துடறன்."

கிளம்பும் காலையில் திலகா ஒரு டப்பா நிறையத் தேங்காய் உருண்டை கொடுத்தாள். வெல்லம் போட்டு, அவள் மாமியார் வீட்டு முறையில் செய்தது. "பாப்பாவுக்குக் குடுங்க. அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க." ஷாரோனால் உண்மையைச் சொல்ல முடிந்திருக்கும். ஆனால் உலகத்தில் ஒரு வீட்டிலாவது நிஷா இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். சரி அக்கா என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆல்வின் பைக்கோடு நின்றிருந்தான். முகம் இளைத்திருந்தது. "வூட்டுக்குப் போலாமா?"

"மொதல்ல அவகிட்ட போலாம்."

பெருநகர் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக ஒரு சின்ன மேடு. ஒரு செங்கல் மட்டும் நட்டிருந்தது. சுற்றிப் புல் ஒன்றுகூட இல்லை. அவன் அடிக்கடி வந்து பிடுங்கியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. மண்ணில் கையை வைத்தாள். வெயிலில் சூடாக இருந்தது.

டப்பாவைத் திறந்தாள். "அங்க ஒரு அக்கா நிஷாவுக்குன்னு குடுத்தனுப்பனாங்க. அவங்களுக்குத் தெரியாது."

ஆல்வின் ஒரு உருண்டையை எடுத்துப் பாதியாக உடைத்தான். ஒரு பாதியை அவளிடம் நீட்டினான். இருவரும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்கு வந்ததைச் சாப்பிட்டார்கள்.